குரோம் தோலும் குடியானவர் கைகளும்: வேலைக்கு உகந்த கையுறையைத் தெரிந்தெடுக்கும் முறை

விவசாயத் தொழிலுக்கு வேண்டிய கருவிகளுள் முதன்மையானது மனிதனுடைய கையே. கலப்பை முறிந்தால் தச்சனிடமும், அரிவாள் மழுங்கினால் கொல்லனிடமும் கொடுத்து அன்றே சீராக்கிக் கொள்ளலாம். கையில் முள் தைத்துச் சீழ் பிடித்தாலோ, விரல் நரம்பு அறுபட்டாலோ, அவ்வாறு உடனே சீராக்குவதற்கில்லை. அறுவடைக் காலத்தில் ஒருவர் பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு வீட்டிலிருக்க நேர்ந்தால், அதனால் விளையும் நஷ்டம் கூலிக்காரருக்கு மட்டுமன்று. தக்க காலத்தில் வேலை முடியாமையால் நிலச்சொந்தக்காரரும் அதில் பங்கு கொள்கிறார். இவ்வாறிருந்தும், மாட்டுக்கு லாடம் அடிப்பதில் காட்டும் கவனத்தில் நாலிலொரு பங்குகூட வேலையாட்களின் கையைக் காப்பதில் காட்டப்படுவதில்லை.

கையுறை வாங்கிக் கொடுத்தும் பயனில்லையென்று சொல்லும் குடியானவர்கள் பலர் உண்டு. காலையில் அணிந்த கையுறையை வேலையாட்கள் பத்து மணிக்குள் கழற்றி வரப்பில் வைத்துவிடுகிறார்கள் என்பதும், ஒரு மாதத்திற்குள் அது தையல் விட்டுக் கிழிந்துபோகிறது என்பதும் அவர்களுடைய முறைப்பாடு. இவ்விரண்டு குறைகளும் மெய்யே. ஆயினும் அவை கையுறை அணிவதிலுள்ள குறைகளல்ல. தெரிந்தெடுத்த முறையிலுள்ள குறைகளாகும். கைக்குப் பொருந்தாத கையுறை கழற்றப்பட்டே தீரும். மட்டமான தோலிற் செய்தது கிழிந்தே தீரும். நீடித்து உழைப்பதும், அணிந்தவர் கைக்கு இதமாயிருப்பதுமான கையுறையை அறிந்து வாங்கும் வழி இங்கே விவரிக்கப்படுகிறது.

குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்த காரணம்

சென்னைக்குத் தெற்கே, செங்கற்பட்டுக்குப் போகும் பெருஞ்சாலையில், பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே குரோம்பேட்டை அமைந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் அது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய அவ்வூருக்குப் பெயர் கொடுத்தது, தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையே. 1912ஆம் ஆண்டளவில் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் அங்கே நிறுவிய குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி எழுந்த குடியிருப்பு, குரோம்பேட்டை என்று வழங்கலாயிற்று. அவர் பெயரால் ஒரு குடியிருப்பும் அவ்வூரில் உண்டு.

குரோம் முறை சென்னை மாகாணத்திற்கு வந்த வரலாறு விவசாயிகள் அறிந்து மகிழத்தக்கது. ஏனெனில் அதற்குக் காரணமாயிருந்த தேவைகளுள் ஒன்று கிணற்றுப் பாசனமாகும். அக்காலத்தில் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பதற்குத் தோலினாலான சாலும், அதன் அடியில் தொங்கும் தோற்குழாயும் உபயோகிக்கப்பட்டன. மரப்பட்டைகளினால் பதனிட்ட தோல், இடைவிடாது நீரில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வருவதனால் விரைவில் அழுகி ஓட்டை விழுந்துவிடும். சென்னை எஞ்சினீயரிங் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவரும், அலுமினியப் பாத்திரத் தொழிலை இம்மாகாணத்தில் தொடங்கி வைத்தவருமான ஆல்பிரட் சாட்டர்டன், 1903ஆம் ஆண்டில் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் பரீட்சைகளை அரசாங்கத்தின் ஆதரவில் ஆரம்பித்தார். அவ்வாறு பதனிட்ட தோல், தண்ணீரில் ஊறியும் எளிதில் கெடாததனால், கவலைச் சாலுக்கு மிகவும் ஏற்றதெனக் கண்டறியப்பட்டது. அரசாங்கமே தொழிற்சாலை நடத்தலாகாது என்று 1910ஆம் ஆண்டில் இந்திய மந்திரி மார்லி பிரபு கருத்துத் தெரிவித்தபின், அம்முயற்சி அரசாங்கத்தின் கையிலிருந்து நீங்கியது. தனியார் அத்தொழிலில் முன்வந்தனர்.

கவலை ஏற்றம் மறைந்து மின்சாரப் பம்புகள் வந்துவிட்டன. ஆயினும், நீரிலும் வியர்வையிலும் கெடாத தோல் வேண்டுமென்ற தேவை மறையவில்லை. அன்று சாலுக்கு எந்தக் குணம் வேண்டியிருந்ததோ, அதே குணம் இன்று வேலையாட்களின் கையுறைக்கு வேண்டியிருக்கிறது.

பட்டைத் தோலும் குரோம் தோலும்

தமிழ்நாட்டில் பரம்பரையாக வழங்கிவரும் முறை, ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் தோலைப் பல நாட்கள் ஊறவைப்பதாகும். மாட்டுத்தோல் இவ்வாறு பதமாகச் சில வாரங்கள் செல்லும். இத்தோல் கெட்டியாகவும் விறைப்பாகவும் இருக்கும். செருப்பின் அடித்தோலுக்கும், வார்களுக்கும், சேணத்திற்கும் சிறந்தது. முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துப் பூட்ஸுகளின் மேற்புறத்திற்காகச் சென்னை மாகாணத்துப் பட்டைத் தோல் ஏராளமாக வாங்கப்பட்டது. ஆனால் அது நனைந்து காய்ந்தால் விறைத்துச் சுருங்கும். ஆகவே கையுறைக்கு அவ்வளவு உகந்ததன்று.

குரோம் முறையில், மயிரும் சதையும் நீக்கிய தோல் முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் பக்குவப்படுத்தப்பட்டு, பிறகு குரோமிய உப்புக் கரைசலில், சுழலும் மரப்பீப்பாய்களில் போட்டுப் பதனிடப்படுகிறது. பட்டைக்கு வாரக்கணக்காகும் வேலை இதில் ஏறக்குறைய ஒரு நாளில் முடிகிறது. குரோமியம் தோலின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், தோல் மெதுவாகவும் வளையத்தக்கதாகவும் இருந்துகொண்டே வெப்பத்தையும் நீரையும் தாங்குகிறது. பட்டைத் தோல் சுமார் 70 முதல் 85 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீரில் சுருங்கிவிடும். நன்கு பதமான குரோம் தோலோ, ஏறக்குறைய கொதிநீரின் சூட்டையும் தாங்கும்.

கடையில் இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. கையுறையின் வெட்டு ஓரத்தை உற்றுப் பார்க்கவேண்டும். ஓரம் உள்வரையில் நீலங்கலந்த சாம்பல் நிறமாயிருந்தால் குரோம் தோல். பழுப்பு நிறமாயிருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். சாயம் உள்வரை ஏறிய தோலில் மாத்திரம் இச்சோதனை தவறக்கூடும். உட்புறம் துணி நெய்தது போலத் தோன்றினால் அது தோலே அன்று. ரெக்சின் போன்ற செயற்கைச் சரக்காகும்.

எந்தப் பிராணியின் தோல்?

வேலைக் கையுறைகள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களில் செய்யப்படுகின்றன. எருமைத்தோல் தடிப்பானது, செங்கல், கருங்கல், முள்வேலிக்கம்பி முதலியவற்றைக் கையாள ஏற்றது, ஆனால் விரல்களை எளிதில் மடக்க இடங்கொடாது. வெள்ளாட்டுத்தோல் மெல்லியதாயினும் நார் நெருக்கமுடையது. ஆகையால் அதன் தடிப்புக்கு மிஞ்சிய வலிமையும், விரலுக்கு நல்ல இணக்கமும் உண்டு. எலுமிச்சை, ரோஜா முதலிய முட்செடிகளைக் கவாத்துச் செய்வதற்கும், கத்திரி பிடிப்பதற்கும் அதுவே மேலானது. செம்மறியாட்டுத்தோல் பஞ்சுபோல் மெதுவாயிருக்கும். எனினும் உரசலைத் தாங்காது. கடின வேலைக்கு ஆகாது. பசுத்தோல் இவற்றிற்கு நடுத்தரமாக நின்று, பொதுவான தோட்ட வேலைகளுக்குப் பயன்படுகிறது.

தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்தினால் இரண்டு மூன்று ஏடுகளாகப் பிளப்பது வழக்கம். மயிர் முளைத்திருந்த மேலேடு வழவழப்பாகவும், நார் இறுக்கமாகவும், நீர் எளிதில் புகாததாகவும் இருக்கும். கீழேடு இருபுறமும் சொரசொரப்பாயிருக்கும்; இது பிளவுத்தோல் எனப்படும். விலை மலிவான கையுறைகள் பெரும்பாலும் பிளவுத்தோலினாலானவை. பற்றவைப்பு வேலைக்காரர் அணியும் நீண்ட கையுறைகளும் இவ்வகையே. தீப்பொறிக்கும் உரசலுக்கும் பிளவுத்தோல் போதுமானது. ஆனால் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். தோட்டத்தில் நாள்தோறும் உபயோகிப்பதற்கு, உள்ளங்கைப் பக்கம் மேலேட்டுத் தோலாலும், புறங்கைப் பக்கம் கெட்டியான பருத்தித் துணியாலும் தைத்த கையுறை நல்லது. புறங்கைத் துணியின் வழியாகக் காற்றுப் புகுவதனால், நமது நாட்டு வெயிலில் கை வியர்த்துப் புழுங்குவது குறையும். முள் வெட்டும் வேலைக்கு மட்டும் புறங்கையும் தோலாக இருப்பது அவசியம்.

தையலைக் கவனிக்க வேண்டிய விதம்

கையுறை கெடுவது பெரும்பாலும் தோல் தேய்வதனாலன்று; தையல் விடுவதனாலேயே. ஆதலால் வாங்குவோர் தோலை விடத் தையலை அதிகமாகப் பரிசோதித்தல் வேண்டும். இரு விரல்களின் இடைவெளியையும் கட்டைவிரலின் அடியையும் இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்க்க, நூலுக்கிடையே வெளிச்சம் தெரியலாகாது. வேலை செய்யும்போது பொருள் அழுந்துமிடத்தில், அதாவது விரலின் உட்பக்கத்திலும் உள்ளங்கையின் நடுவிலும், தையல் ஓடாதிருப்பது உத்தமம். நடுவிரல்களின் அடித்தையல் உள்ளங்கைக்குள் இறங்காமல் புறங்கையின் பக்கமாக ஒதுக்கப்பட்ட கையுறை, மண்வெட்டிப் பிடியிலும் கடப்பாரையிலும் கையை உறுத்தாது. தையலும் சீக்கிரம் தேயாது.

கட்டைவிரல் தைக்கப்பட்ட முறையும் முக்கியமானது. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே வரிசையில் நேராக நிற்கும்படி தைத்த கையுறை, அரிவாளையோ மண்வெட்டியையோ பிடிக்குந்தோறும் அடிப்பாகத்தில் இழுக்கும். தனித்துண்டாக வெட்டி, உள்ளங்கையை நோக்கிச் சாய்வாகப் பொருத்தப்பட்ட கட்டைவிரலே கை இயற்கையாக மடங்குவதற்கு இடமளிக்கும். தையலின் நடுவே மெல்லிய தோல்நாடா ஒன்றை வைத்துத் தைப்பதும் உண்டு. அந்நாடா உரசலைத் தான் ஏற்றுக்கொண்டு நூலைக் காக்கும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்தவை, அவ்வாறு தையாதவற்றைவிட நெடுநாள் உழைக்கும்.

அளவே சுகத்திற்கு ஆதாரம்

வேலையாட்கள் கையுறையைக் கழற்றி எறிவதற்கு முதற்காரணம் அளவு பொருந்தாமையே. கடைக்காரர்கள் பெரும்பாலும் பெரிய அளவு ஒன்றையே கட்டுக்கட்டாக வாங்கி விற்கின்றனர். களையெடுத்தல், முள் பொறுக்குதல், கரும்புத்தோகை உரித்தல் முதலிய வேலைகளில் பெண்களே பெரும்பாலோர். அவர்களுடைய சிறிய கைகளுக்கு ஆண்களின் கையுறை கொடுத்தால், விரல் நுனிகள் அரை அங்குலம் வெறுமையாய்த் தொங்கும். அரிவாளின் பிடி நழுவும். அந்நிலையில் கையுறை பாதுகாப்பு ஆவதற்குப் பதிலாக அபாயமாகவே முடியும்.

கையை அளப்பது எளிது. தையற்காரரின் நாடாவை, கட்டைவிரலை விட்டு, விரல்கள் தொடங்கும் மொளிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றிப் பிடிக்கவேண்டும். அங்குலத்தில் வரும் சுற்றளவே கையுறையின் இலக்கம் என்று ஏறக்குறையக் கொள்ளலாம். 178 மில்லிமீட்டர், அதாவது 7 அங்குலம் உள்ள கைக்கு 7ஆம் இலக்கம்; 203 மில்லிமீட்டருக்கு 8; 229க்கு 9; 254க்கு 10. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளம் 8ஆம் இலக்கத்திற்கு 182 மில்லிமீட்டரும், 9ஆம் இலக்கத்திற்கு 192 மில்லிமீட்டரும் ஆகும். சுற்றளவும் நீளமும் வேறு வேறு இலக்கத்தைக் காட்டுமாயின், பெரிய இலக்கத்தை எடுத்துக்கொள்வதே தகும்.

வாங்குமுன் கையுறையை அணிந்து மூன்று சோதனைகள் செய்யவேண்டும். முதலாவது, கையை இறுக மூடினால் புறங்கையில் தோல் பிடித்து இழுக்கலாகாது. இரண்டாவது, தரையில் கிடக்கும் ஓர் இரும்பாணியை விரலால் எடுக்க முடியவேண்டும். மூன்றாவது, நாள்தோறும் பிடிக்கும் கருவியின் பிடியை அணிந்த கையால் பிடித்துப் பார்க்க, உள்ளங்கையில் தோல் மடிப்பு விழுந்து உறுத்தலாகாது. புதிய தோல் சற்று இறுக்கமாயிருப்பது குற்றமன்று. சில நாள் உபயோகத்தில் அது கையின் உருவத்திற்கு இணங்கிவிடும். தொளதொளப்பாயிருப்பது ஒருபொழுதும் இணங்காது.

முத்திரைகளும் இலக்கங்களும்

தொழிலாளர் அணியும் தோல் மற்றும் பருத்திக் கையுறைகளுக்கு இந்தியத் தரநிர்ணய விதி ஐ.எஸ். 6994, முதற்பகுதி, 1973ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஏற்றுமதிக்காகச் செய்யப்படும் கையுறைகளில் ஐரோப்பியத் தரமாகிய ஈ.என். 388 என்ற குறியும், சுத்தியல் படமும், அதன்கீழ் சில இலக்கங்களும் காணப்படும். அவ்விலக்கங்களுள் முதலாவது உரசலையும், இரண்டாவது கத்தி வெட்டையும், மூன்றாவது கிழிதலையும், நான்காவது குத்துதலையும் குறிக்கும். இலக்கம் உயர உயரத் தாங்கும் சக்தி மிகுதி. உரசலுக்கும் கிழிதலுக்கும் குத்துதலுக்கும் 4 என்பதே மேலெல்லை; கத்தி வெட்டுக்கு 5.

இவ்விஷயத்தில் குடியானவர்கள் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். குத்துதலுக்குரிய சோதனை, 4.5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஓர் உருக்குக் கோலினால் செய்யப்படுகிறது. சீமைக் கருவேல முள்ளோ ஊசிபோல் கூரியது. ஆகவே நான்காவது இலக்கம் உயர்ந்திருப்பதனால் மட்டும் முள் தைக்காதென்று எண்ணிவிடலாகாது. முள் வேலைக்கு, தோலின் தடிப்பையும் நார் நெருக்கத்தையும் கையால் தடவி அறிவதே தக்கது.

சீமைக் கருவேலம் அகற்றுவோர் கவனத்திற்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம், ஏரி, குளம், தரிசு எங்கும் பரவியிருப்பதை யாவரும் அறிவர். அதை வேரோடு களையவேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டில் உத்தரவுகள் பிறப்பித்தது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுதற்கான கொள்கையை வெளியிட்டது. இவ்வேலை கிராமங்களில் நடைபெறும்போது மேற்பார்வை செய்யும் கிராம உத்தியோகஸ்தர்கள், இயந்திரம் தள்ளிய மரங்களிலிருந்து கிளைகளை ஒதுக்கிக் கட்டும் ஆட்களின் கைகளையும் கவனிக்கவேண்டும். மணிக்கட்டுக்கு மேல் முழங்கை வரை நீண்ட தோற்பட்டையுள்ள கையுறைகளே இவ்வேலைக்குத் தகுந்தவை; குட்டையான கையுறையில், முள் மணிக்கட்டு நரம்புகளில் ஏறும்.

முள் தைத்தால் அலட்சியம் செய்யலாகாது. முள்ளை முழுவதும் எடுத்து, சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று வாயிறுப்பு ஜன்னி வராமல் காக்கும் ஊசி தேவையா என்று கேட்டறிய வேண்டும். விரல் மூட்டில் முள் முனை உள்ளே தங்கி, வாரக்கணக்கில் வீக்கமும் வலியும் நீங்காதிருந்தால் அது மருத்துவர் எடுக்கவேண்டியதே. வீட்டில் ஊசியால் குடைந்தால் மூட்டு நிரந்தரமாக மடங்காமற் போகவும் கூடும்.

கையுறை அணியலாகாத வேலைகள்

கையுறை எல்லா வேலைக்கும் காப்பு என்று எண்ணுவது பெரும் பிழை. சுழலும் இயந்திரங்களின் அருகே கையுறை எமனாகும். கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம், கரும்பாலை உருளை, மோட்டார் பட்டை முதலியவற்றில் கதிரையோ கரும்பையோ கொடுக்கும்போது, கையுறையின் விரல் நுனி சிக்கினால் கை முழுவதும் உள்ளே இழுக்கப்படும். வெறுங்கை தப்பக்கூடிய இடத்திலும் கையுறை அணிந்த கை தப்புவதில்லை. அங்கே வேண்டியது இயந்திரத்திற்கு மூடியும், கதிர் கொடுக்கும் நீண்ட தகர வாயுமேயாகும். இத்தகைய இயந்திரங்களால் விளையும் விபத்துக்களைத் தடுக்கவே 1983ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது.

பூச்சிமருந்து கலக்குவதற்கும் தெளிப்பதற்கும் தோற்கையுறை சிறிதும் உதவாது. தோல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வியர்வையோடு சேர்த்து நாள்தோறும் சருமத்தில் ஊட்டிக்கொண்டேயிருக்கும்; கழுவினாலும் அது முழுவதும் நீங்காது. அவ்வேலைக்கு நைட்ரைல் ரப்பர் போன்ற, மருந்து ஊடுருவாத கையுறைகளே உரியன. ஒருமுறை மருந்து பட்ட தோற்கையுறையை மறுபடி அணியாமல் ஒதுக்கிவிடுவதே விவேகம்.

மின்சாரத்திற்கும் தோல் காப்பன்று. வியர்வையில் நனைந்த தோல் மின்சாரத்தைக் கடத்தும். மின்சார வேலைக்காரர்கள் ரப்பர் கையுறை அணிந்து, அது கிழியாதிருப்பதற்காகவே அதன்மேல் தோல் அணிகிறார்கள். சேற்றில் நாற்று நடுவதற்கும் தோல் ஆகாது. வைக்கோற்போரிலும் விறகுக் குவியலிலும் கையை விடுமுன், கையுறை அணிந்திருந்தாலும் கோலால் தட்டிப் பார்ப்பதே நலம். பாம்பின் பல்லைத் தடுக்குமென்று மெல்லிய தோலை நம்பலாகாது.

பாதுகாக்கும் முறை

நல்ல கையுறையும் கவனிப்பின்றிப் போட்டுவைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். வேலை முடிந்தபின் மண்ணைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, விரல்களை விரித்து நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடவேண்டும். நனைந்த தோலைச் சுள்ளென்ற வெயிலிலோ, அடுப்பருகிலோ உலர்த்தினால், அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து வெடிக்கும். சலவைச்சோடாவில் ஊறவைத்துத் துவைப்பதும் கூடாது. மாதத்திற்கு ஒருமுறை, ஈரம் ஏறக்குறைய உலர்ந்த நிலையில், சில துளி ஆமணக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்துவந்தால் தோல் மெதுவாயிருக்கும். எண்ணெயை அளவுமீறி ஊற்றினால் பிடி வழுக்கும், மண்ணும் ஒட்டும்.

ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு ஜோடி தனியே கொடுத்து அடையாளமிட்டு வைத்தல் வேண்டும். ஒருவர் வியர்வையில் நனைந்ததை மற்றொருவர் அணிந்தால் படை, சிரங்கு முதலியன பரவும். இரண்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி அணிந்தால், ஒன்று நன்றாக உலர அவகாசம் கிடைக்கும். ஒற்றை நூல் விட்டவுடன் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டால் மேலும் பல நாள் உழைக்கும். விரல் வாய் பிளந்தபின் தைப்பதால் பயனில்லை.

சிலருடைய சருமத்திற்கு குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். சரிவரப் பதனிடாத தோலில் தீங்கான ஆறிணைய குரோமியம் தோன்றுவதே இதற்கு முக்கிய காரணம். ஐரோப்பிய நாடுகளில், சருமத்தில் படும் தோற்பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று 2015ஆம் ஆண்டு முதல் விதி நடைபெறுகிறது. அரிப்புக் கண்டவர்கள் குரோம் தோலை விட்டு, பட்டைத் தோலையோ, ரப்பர் பூச்சிட்ட பருத்திக் கையுறையையோ அணிவது தகும். பழைய தோற்கையுறைகளை அடுப்பில் எரிக்கலாகாது. எரிந்த சாம்பலில் அதே தீங்கான குரோமியம் உண்டாகும். எருக்குழியில் போடுவதும் கூடாது.

தோலும் நிலமும்

கையைக் காக்கும் இத்தொழில், காவலின்றி நடந்தபோது நிலத்தைக் கெடுத்ததையும் குடியானவர்கள் அறிந்திருக்கவேண்டும். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோற்சாலைகளிலிருந்து வெளியேறிய உப்புநீராலும் கழிவாலும் கிணறுகளும் வயல்களும் பாழாயின. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஆகாததாகிவிட்டதென்று கூறப்பட்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே நஷ்டஈடு கொடுத்து நிலத்தைச் சீராக்கவேண்டும் என்ற நியதியும் அத்தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது. குரோம்பேட்டையை அடுத்த பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தோற்சாலைகளுக்கும் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், குறைந்த குரோமியத்திலும் குறைந்த நீரிலும் தோல் பதனிடும் முறைகளை ஆராய்ந்து வந்திருக்கிறது. தோற்சாலைக் கழிவையோ சேற்றையோ உரமென்று யாரேனும் மலிவாகக் கொடுத்தால், அதை வயலில் இடாதிருப்பது ஒவ்வொரு குடியானவரின் கடமை.

செலவும் லாபமும்

விலை மலிவையே நோக்கி வாங்குவது சிக்கனமாகாது. கையுறையின் மெய்யான விலை, அது உழைக்கும் நாட்களால் வகுத்தபின் வருவதேயாகும். உதாரணமாக, 150 ரூபாய் கொடுத்த ஒரு ஜோடி 30 வேலைநாளில் கிழியுமாயின், நாளொன்றுக்கு 5 ரூபாய் செலவாகிறது. 300 ரூபாய் கொடுத்த வேறொரு ஜோடி 100 நாள் உழைக்குமாயின், நாளொன்றுக்கு 3 ரூபாயே ஆகும். ஆகவே ஒவ்வொரு ஜோடியையும் கொடுத்த தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து, எது எத்தனை நாள் உழைத்ததென்று பார்த்துவந்தால், இரண்டு பருவங்களுக்குள் தமது நிலத்திற்கும் வேலைக்கும் ஏற்ற சரக்கு எது என்பது ஒவ்வொரு குடியானவருக்கும் தானே விளங்கும்.

கிராமத்தில் நாலைந்து நிலச்சொந்தக்காரர்கள் ஒன்றுசேர்ந்தோ, கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகவோ, ஆட்களின் கை அளவுகளை முன்னதாக எடுத்து, 7 முதல் 10 வரையுள்ள இலக்கங்களில் வேண்டிய அளவுக்கு மொத்தமாக வாங்கினால், விலையும் குறையும். பெண்களுக்கு உரிய சிறிய அளவுகளும் கிடைக்கும். முதலில் ஒவ்வோர் இனத்திலும் இரண்டு ஜோடி வரவழைத்து, ஒரு வாரம் வேலையில் பரீட்சித்து, அணிந்தவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டபின்னரே மொத்தமாக வாங்கவேண்டும். எது கையை உறுத்துகிறது, எது இதமாயிருக்கிறது என்பதை நாள் முழுவதும் அணிந்து வேலை செய்பவரே அறிவார். அடுத்த அறுவடைக்கு வேண்டிய அரிவாள், கயிறு, சாக்கு இவற்றின் ஜாபிதாவில் கையுறையையும் இப்பொழுதே சேர்த்துக்கொள்வது நலம்.